காது அறுந்தவள் அரசாள முடியாது

பிரெஞ்சு பேசும் இந்த ஊருக்குக் குடிவந்த எங்கள் தேவாலயப் பெண்கள் சபையில் தலைவி பதவி வயதுப்படி வரும். வாக்கெடுப்பு, போட்டி எதுவும் கிடையாது. ஒருவர் முடித்தால் அடுத்த மூத்தவர். அந்த வருடம் என் முறை என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், அதனால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தலைவியானால் திருநாளன்று மேடையேறி மைக்கில் வரவேற்புரை வாசிக்க வேண்டும். முன்வரிசையில் பிரெஞ்சுக்காரப் பங்குத்தந்தை இருப்பார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வாசிக்கத் தெரியும், ஆனால் நாலு பேர் பார்த்தால் குரல் வராது. மாட்டேன் என்று சொல்வதற்கும் அந்தக் குரல்தானே வேண்டும்.

அப்போது எங்கள் மேல்மாடியில் இருந்த ஓர் இளம் தாயின் குழந்தையைப் பின்னேரங்களில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அசாம்காரி. கணவன் சென்னைக்காரன். அவனிடம் பழகிய தமிழில் என்னோடு பேசுவாள். அசாமை அறுநூறு வருடம் ஆண்ட அகோம் அரசர்களின் கீழ் யார் யார் என்ன பதவி வகித்தார்கள் என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவள் குசினியில் சமைக்கிற மேசை நிறைய அட்டைகள், அட்டைக்கு ஒரு பதவி. இருபது ஆளுக்கு ஒரு போரா, நூறு ஆளுக்கு ஒரு சைகியா, ஆயிரம் ஆளுக்கு ஒரு ஹசாரிகா. எல்லாருக்கும் மேலே கோஹைன் என்று மூன்று பெரிய மந்திரிமார். நான் பயற்றங்காய் முறித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். கர்த்தரின் பன்னிரண்டு சீடர்களை மனப்பாடம் செய்ததுபோல அதுவும் மனதில் பதிந்துவிட்டது.

ஒருநாள் சொன்னாள்:

"ராஜா உடம்புல ஒரு குறையும் இருக்கக் கூடாதும்மா. அம்மைத் தழும்பு இருந்தாக்கூடப் போச்சு. அதனால போட்டிக்கு வர்ற இளவரசன் காதைக் கொஞ்சம் வெட்டி விட்டுடுவாங்க. அப்புறம் அவன் ராஜாவே ஆக முடியாது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். என் மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது தோட்டைப் பிடித்து இழுத்ததில் என் வலது காதுச் சோணை இரண்டாகக் கிழிந்தது. அன்றிலிருந்து தலைமயிரை இழுத்து அதை மூடித்தான் வைத்திருந்தேன்.

"சாரிம்மா, உங்களைச் சொல்லலை."

"அதுக்கென்ன பிள்ளை. திரும்பச் சொல்லும். காது அறுந்தால் ராசாவா வர ஏலாதோ?"

"முடியவே முடியாது."

அன்று இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் கூட்டம் நடந்தது. பழைய தலைவி எழுந்து, "இனி எங்கட அக்காவின்ர முறை" என்று என் பக்கம் கையை நீட்டினார். எல்லோரும் கைதட்டத் தொடங்கினார்கள். நான் எழுந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"எனக்குக் காது அறுந்திருக்கு."

கைதட்டல் நின்றது. மன்னாரிலிருந்து வந்த வாய்க்காரி ஒருத்தி இருந்தாள், அவள் விடுவாளா?

"அக்கா, மைக்கைக் காதிலயே பிடிக்கிறது? வாயில எல்லே!"

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்தது. தலைமயிரை ஒதுக்கிக் காதைக் காட்டி, அகோம் ராசாக்களின் முறையை முழுவதும் சொன்னேன். போரா, சைகியா, ஹசாரிகா, மூன்று கோஹைன்கள், காது வெட்டிய இளவரசர்கள், ஒன்றும் விடவில்லை. சொல்லி முடித்தபோதுதான் எல்லோரும் வாய் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"என்ர மாதாவே!" என்றாள் வாய்க்காரி. "இவ்வளவு நாளும் வாய் திறக்காத மனிசி இப்பிடிக் கதைக்கிறா. இவதான் தலைவி! காது கிடக்கட்டும்."

மற்றவர்களும் "ஓம், ஓம்" என்றார்கள். நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அப்போதுதான் மேல்மாடிக்காரியின் கோஹைன் அட்டையில் இருந்த இன்னொன்று ஞாபகத்துக்கு வந்தது.

"கோஹைன்மார் ராசாவா வாறேல்லை," என்றேன். "ஆனால் ஆர் ராசா எண்டு தெரிஞ்செடுக்கிறது அவையள்தான். என்னைக் கோஹைனா வைச்சிருங்கோ. நான் குசினியில இருந்து தெரிஞ்செடுத்து விடுறன்."

பழைய தலைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சரி அக்கா, அப்ப ஆரைத் தெரிஞ்செடுக்கிறியள்?"

நான் நேரே வாய்க்காரியிடம் போய் இரண்டு காதையும் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் முழுதாக இருந்தன.

"இவ," என்றேன்.

அந்தத் திருநாளில் நான் குசினியில் நின்று அரிசியும் பாலும் போட்டுப் புக்கை கிண்டினேன். பரிமாறும் ஜன்னலால் அவளுடைய குரல் கணீரென்று கேட்டது. நடுவில் பிரெஞ்சில் இரண்டு வசனமும் சொன்னாள். அடுப்பு வெக்கைக்குத் தலைமயிரை அள்ளி உச்சியில் முடிந்திருந்தேன். காது வெளியே தெரிந்தது, மூட நினைக்கவில்லை.

மேல்மாடிக்காரியிடம் இதைச் சொன்னபோது, ராசா சரியில்லை என்றால் கோஹைன்கள் இறக்கியும் விடுவார்கள் என்றாள். அதை வாய்க்காரியிடம் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த வருடம் புத்தாண்டு முடிந்ததும் வந்து நின்றாள்.

"அக்கா, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போட்டுது. என்னை எப்ப இறக்கப் போறியள்?"

"காது இரண்டும் வடிவாத்தானே கிடக்கு," என்றேன். "இருந்து ஆளும்."