நாலு மணி வெளிச்சத்தில் கருநீலம்

என் சம்பந்தி முத்துச்செல்வி மதுரையில் ஒரு மேட்சிங் ஜாக்கெட் துணிக்கடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறார். சேலையைக் காட்டினால் அதே கலரில் துணி எடுத்துத் தருவார். டியூப் லைட்டை நம்ப மாட்டார். இரண்டையும் வாசல்படிக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. புருஷன் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. லீவு கிடைக்காததால் அவர் மகள் தமிழ்வாணியும் குழந்தையும் பரவையில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

பேத்தி பிறந்து பதினேழு நாள் ஆகிறது. நான் தூக்கினால்தான் அழுகையை நிறுத்துகிறாள். வீட்டில் யாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

தொட்டில் போடும் விசேஷத்துக்குத் தமிழ்வாணிக்கு எடுத்தது கருநீலக் கரைச் சேலை. ஜாக்கெட் துணிக்கு நான்தான் பஸ் ஏறினேன். நாலு மணிக்குச் சம்பந்தியே படியில் வைத்துப் பார்த்துக் கொடுத்தார். காலையில் பிரித்தால் துணி கருப்பு. பிள்ளையைத் தொட்டிலில் போடும் நாளில் கருப்பா என்று வீட்டில் முகம் சுளித்தார்கள்.

அன்று சாயங்காலமே மாற்றப் போனேன். முதலாளி துணியை வாங்கிப் பார்த்தார்.

"இந்த வாரத்துல இது நாலாவது. இந்தம்மாவுக்குக் கண்ணு போச்சு. இந்த மாசத்தோட வீட்ல இருக்கட்டும்."

முத்துச்செல்விக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் திரும்பி வந்த துணிகளின் பில்லை எல்லாம் வாங்கி, அதில் அச்சடித்திருந்த மணியைப் பார்த்தார். எல்லாமே மூணு மணிக்கு மேல் வாங்கியவை. வாசலுக்கு வந்து எதிரே நிமிர்ந்து பார்த்தார். போன மாசம்தான் எதிர்க் கட்டடத்துக்கு நாலு மாடிக்கும் தங்கக் கலர் கண்ணாடி பதித்திருந்தார்கள். மேற்கே சாய்கிற வெயில் அதில் பட்டுக் கடைப்படியில் விழுந்தது. கடை பளிச்சென்று இருக்கிறதென்று முதலாளி முன் லைட்டைக்கூட அணைத்து வைத்திருந்தார்.

"மொதலாளி, இது நெச வெயில் இல்ல. அந்தக் கண்ணாடி மஞ்சப் பூசி அனுப்புற வெயிலு."

கருப்பையும் கருநீலத்தையும் படியில் வைத்தார். ஒன்றுபோல இருந்தன. எங்களை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார். கண்ணாடி வெயில் எட்டாத மூலையில் எது கருப்பு, எது நீலம் என்று எனக்கே தெரிந்தது.

முதலாளி துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொல்லவில்லை. "அப்ப மூணு மணிக்கு மேல வாரவங்கள என்னம்மா செய்ய?" என்றார்.

"நான் மேல கூட்டிட்டு வாரேன்."

அப்படித்தான் இப்போது நடக்கிறது. ஒவ்வொருவரோடும் இருபத்தெட்டுப் படி ஏறி இறங்குகிறார். விசேஷத்தன்று பேத்தியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர் சொன்னார்:

"கண்ணு நல்லாத்தேன் இருக்குண்ணே. முட்டிதேன் போச்சு."