மஞ்சள் போர்வையின் கடைசி வரிசை

யார் வீட்டில் குரோஷே போர்வையைப் பார்த்தாலும் அதன் ஓரத்தைத் தடவிப் பார்ப்பேன். அப்பாவால் வந்த பழக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய அப்பா, லோரியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்தார். சும்மா இருந்தால் எல்லாரையும் கடித்துக் குதறிவிடுவார் என்று பயந்த பெரியம்மா, ஈப்போவிலிருந்து ஒரு பை மஞ்சள் நூலும் கொக்கி ஊசியும் வாங்கி வந்தார்.

"ஃபோன்ல பாத்து போடுங்க தம்பி. சின்ன பிள்ளகூட போடும்லா."

அப்பா தேடிப் பிடித்தது, புதிதாகக் கற்பவர்களுக்கான மிக எளிய போர்வை. சங்கிலி மாதிரி ஒரு வரிசை, அதன்மேல் போவதும் வருவதுமாக ஒரே பின்னல். அதிலும் ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டே திரும்பினார். போர்வை மேலே போகப் போக ஒடுங்கி, வெட்டிய தர்பூசணித் துண்டாகிவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா முழுவதையும் பிரித்து, ஓரக் கண்ணியில் சிவப்பு நூலை அடையாளம் கட்டி மறுபடி தொடங்கினார். அதன்பிறகு ஓரம் நேராக வந்தது.

அம்மா அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. எனக்கு அடுத்த குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வராமலே போயிருந்தது. பிறக்கும் முன்னே பிள்ளைக்கு ஒரு துணிகூடத் தயாராக வைக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். பெரியம்மா இந்த முறை அதைக் கண்டிப்பாகவே சொல்லியிருந்தார். போர்வை யாருக்கு என்று கேட்டால், "லோரி சீட்டுக்குலா" என்பார் அப்பா. அவ்வளவு சின்ன சீட்டு எந்த லோரியில் இருக்கிறது என்று கேட்டேன். அம்மா சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போர்வை முடியும் தறுவாயில்தான் என் பொறுமை போயிற்று. காலையில் போட்ட வரிசைகளை மாலையில் அப்பாவே பிரிக்கத் தொடங்கினார். நான் ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு கண்ணிகூட விடுபடவில்லை.

"எங்கப்பா தப்பு?"

"இருக்கு. ஒனக்குத் தெரியாதுலா."

இந்த வேகத்தில் பாப்பா பள்ளிக்கூடம் போகும்போதுதான் போர்வை முடியும் என்று எனக்குக் கவலை. பார்த்துப் பார்த்து அந்தப் பின்னல் எனக்கும் வந்திருந்தது. ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போது மீதி வரிசைகளை நானே போட்டுவிட்டு, நூலை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தேன். விழித்துக்கொண்ட அப்பா கட்டுக்காலோடு நொண்டி வந்து பிடுங்கினார்.

"வெட்டாதம்மா," என்றார். நான் போட்டதையும் பிரித்தார். என் பின்னல் அவ்வளவு மோசமா என்று அழுதேன். அப்பா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு வலி எடுத்த காலையில், கட்டுக்காலோடு வரவேண்டாம் என்று அப்பாவை என்னோடு விட்டுவிட்டு, பெரியம்மா அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். மத்தியானம் ஃபோன் வந்தது. பிறந்த தம்பி வீரிட்டு அழுதது எனக்கே கேட்டது. அம்மாவும் பேசினார்.

அப்பா ஃபோனை வைத்துவிட்டு ஊசியை எடுத்தார். தலை நிமிராமல் கடைசி வரிசைவரை போட்டு, கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார்.

"இப்ப வெட்டு."

"இன்னிக்கு தப்பே வரலியாப்பா?"

"வரலம்மா," என்றார். கண் கலங்கியிருந்தது.

ஒருவழியாக அப்பா ஒழுங்காகப் போர்வை போடக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.