மச்சானின் இடது கையும் என் பேஞ்சோவும்

குற்றாலத்தில் சொந்தமாக விடுதி வைத்திருப்பவர்களில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்கு அப்பா சொத்து இருந்தது. எனக்கு ஒரு பேஞ்சோ இருந்தது. விடுதிக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் நான் சாவியைக் கொடுப்பதில்லை.

பேஞ்சோ என்றதும் பெரிய கருவியாக நினைத்துவிட வேண்டாம். மடியில் அடங்குகிற நீளமான மரப்பெட்டி. அதன் மேல் கம்பிகள். கம்பிகளின் மேல் டைப் மெஷினில் இருப்பதுபோல் வரிசையாகக் கட்டைகள். இடது கை விரலால் கட்டையை அமுக்கி, வலது கையால் கம்பியைத் தட்ட வேண்டும். புல்புல்தாரா என்றும் சொல்வார்கள். அருவிச் சீசனுக்குப் போட்டிருந்த கடையில் வாங்கினேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ரேடியோவில் பாட்டு வர வர நானே தேடிப் பிடித்தேன். உடைந்த சோப்பு டப்பாவில் வெட்டிய துண்டுதான் கம்பி தட்ட.

அப்போது ஐந்தருவிப் பாதையில் எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். மற்றவர்கள் எல்லாம் "வாங்க சார், வாங்க சார்" என்று தொண்டை கிழியக் கூப்பிடுவார்கள். நான் கூப்பிட்டதே கிடையாது. உட்கார்ந்து வாசிப்பேன். கேட்க நின்றவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு என் பலகையில் வந்து உட்காருவார்கள். அந்தப் பலகையிலிருந்து எழும்பியதுதான் இந்த மூன்று மாடி.

என் மனைவியின் அண்ணனிடம் மட்டும் இந்தப் பேச்சு எடுபடாது. மச்சானுக்குச் செங்கோட்டையில் புரோட்டாக் கடை. இரண்டு கையாலும் அவர் மாவை வீசினால் அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரியும், அவ்வளவு மெல்லிசாக விரியும். நான் கடைக்குள் நுழைந்தால் போதும்.

"வாரும் மாப்ளே! அஞ்சாங்கிளாசு படிச்சிட்டு டைப்படிச்சே பங்களா கட்டின மனுசன் வந்திருக்காரு, எல எடுத்துப் போடுங்கலே!"

"பொறாம மச்சான், பொறாம" என்பேன். சாப்பிடுகிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

போன சித்திரையில் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பேச்சு திரும்பிவிட்டது, காலும் மெல்ல மெல்ல நடைக்கு வந்தது. இடது கை மட்டும் அசையவில்லை. தென்காசி டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் விரல்கள் மடங்கியே போய்விடும் என்று சொல்லி அனுப்பினார். மச்சான் ஒரு நாள் அமுக்கினார். மறுநாள் பந்து தெருவில் கிடந்தது.

"பச்சப்புள்ள வெளையாட்டுக்கு என்னையக் கூப்பிடாதிய" என்று சொல்லிவிட்டாராம்.

என் மனைவிதான் அந்த யோசனையைச் சொன்னாள். "ஏங்க, அந்தப் பேஞ்சோவ அண்ணன்ட்ட குடுத்துப் பாருங்களேன். அதுவும் விரலால அமுக்குறதுதான."

"ஏளா, அது என்ன வைத்தியச் சாமானா? இப்பதான் அதுக்குக் கண்ணாடிப் பெட்டி செஞ்சு, உள்ள லைட்டும் போட்டு வச்சிருக்கேன்."

"பெட்டிக்குள்ள கெடந்து அது என்னத்தப் பாடப் போவுது? உங்க பவுச எடுத்துச் சொல்லத்தான் நீங்க இருக்கியளே, போதாதா?"

எனக்குக் கொடுக்க மனமில்லை. விடுதியில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், அதைத் தர முடியாது என்றுதான் இருந்தேன்.

அந்த வாரம் செங்கோட்டைக்குப் போனபோது மச்சான் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். இடது கை மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தார். புரோட்டாக் கல்லில் வேறொரு மாஸ்டர் நின்றார். மச்சான் என்னை ஏறிட்டுப் பார்த்து, "வாரும்" என்றார். அவ்வளவுதான். டைப்படிக்கிற பேச்சு வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. புரோட்டாவைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். நேரே குற்றாலம் வந்து கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன்.

மறுநாள் மதியம் அவர் வீட்டில் வைத்துத் துணியைப் பிரித்தேன். ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஆனி சாரலுக்கு முன்னால் குற்றாலத்தில் விடுதிக்காரர்கள் கண்ணில் படுவதற்கெல்லாம் பெயின்ட் அடித்துவிடுவோம். சுவர், கதவு, வாளி, பூந்தொட்டி, எதையும் விடுவதில்லை. அந்த வேகத்தில் பேஞ்சோவையும் பெயின்டரிடம் கொடுத்து, பளபளவென்று இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவரும் தங்க நிறத்தில் இரண்டு கை அடித்து, மேலே வார்னிஷும் பூசிவிட்டார். பார்க்க விக்கிரகம் மாதிரி இருந்தது. மச்சானுக்கு முன்னால் ஒரு கட்டையை அமுக்கினேன். இறங்கவில்லை. அடுத்ததும் இறங்கவில்லை. எல்லாம் ஒட்டிப் போய்க் கிடந்தன.

மச்சான் குனிந்து பார்த்தார். "என்ன மாப்ளே, என் கையி மாதிரி ஒம்ம சாமானுக்கும் வாதமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அடுக்களையிலிருந்து அவர் வீட்டம்மா ஓடி வந்து, "என்ன தம்பி, என்ன ஆச்சு?" என்றார். மச்சான் சிரித்து அந்த வீட்டில் யாரும் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

"தின்னர் வாங்கிட்டு வாரும். ரெண்டு பேரும் சொரண்டுவோம்" என்றார் மச்சான்.

செயலற்ற கையைப் பேஞ்சோ மேல் பாரமாக வைத்துக்கொண்டு, வலது கையில் பிளேடைப் பிடித்துச் சுரண்டினார். என் தங்கமெல்லாம் பழைய பேப்பரில் உதிர்ந்தது. உதிர்ந்ததையெல்லாம் நான் ஓரமாகக் கூட்டி வைத்தேன். கட்டைகள் விடுபட்டதும் அவருடைய சுட்டுவிரலை நான் பிடித்து ஒரு கட்டை மேல் வைத்து அமுக்கினேன். வலது கையால் அவர் தட்டினார். சத்தம் வந்தது.

"ஒம்ம விரல்லா வாசிக்கி. என் விரலு சும்மாத்தான கெடக்கு" என்றார்.

"கெடக்கட்டும். நீரு தட்டும்."

மதியம் கடை ஓய்கிற நேரமெல்லாம் அங்கேதான் இருந்தேன். சீசனில் விடுதியை மகனிடம் விட்டுவிட்டு நான் வெளியே போனது அதுதான் முதல் தடவை. ஆவணியில் ஒரு நாள் நான் காப்பி குடிக்கக் கையை எடுத்திருந்தேன். ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவர் விரல் தானாக இறங்கியிருந்தது. மச்சான் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏலே..." என்று அதைத்தான் கூப்பிட்டார். இன்னொரு தடவை இறங்கியது.

புரட்டாசியில் பேஞ்சோவைத் திருப்பி எடுத்துவரலாம் என்று போனேன். மூன்று விரல் வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு பாட்டை அரைகுறையாக, தப்பும் தவறுமாக வாசித்துக்கொண்டிருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அங்கன இல்ல மச்சான், பக்கத்துக் கட்ட" என்று கையை நீட்டினேன்.

"கைய எடும் வேய்! ஒம்ம இஷ்டத்துக்கு வாசிக்கணும்னா வேற வாங்கி வாசியும்."

"அது என் பேஞ்சோ மச்சான்."

"யாரு இல்லன்னா? கையி சொகமாவட்டும், கல்லுல போயி நிக்கேன். பொறவு வந்து கேளும்."

சொல்லிக்கொண்டே ஒரு தட்டுத் தட்டினார். கம்பி அறுந்துவிட்டது. மச்சான் முகம் அப்படியே செத்துப்போனது. அறுந்த கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் அங்கே உட்காரவில்லை. பஸ் ஏறித் தென்காசிக்கு வந்து, இசைக்கருவி விற்கிற கடையில் கம்பி கேட்டேன். ஒன்று அறுந்ததற்கு இரண்டு செட் எடுத்து வைக்கச் சொன்னேன்.

"இந்த வயசுல வாசிக்கியளா அண்ணாச்சி? ஒங்க பேஞ்சோவா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"எங்க மச்சானோடது" என்றேன். "சீக்கிரம் பொட்டலம் கட்டித் தாரும், அங்க காத்துக்கிட்டு இருக்காரு."