குழாயில் அடைத்த போல்ட்

நஸீர் நானாவின் காரில் பிரேக்கைக் கெடுத்தவன் நான்தான். அவருடைய கால் அல்ல... நான்!

இதை ஹட்டனில் ஒருவரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என் கராஜுக்கு வரப்போவதில்லை என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

ஊருக்கே அண்ணன் முறையான நானாவுக்குக் கடைவீதியில் பலசரக்குக் கடை. மலை யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணியிலும் ஒரு கடை போடுவார். சரக்கையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு தன் பழைய காரில் போய்வருவார். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி. என்னைவிட நாலைந்து வயதுதான் இளையது.

அந்த வருடம் புகைப் பரிசோதனையில் வண்டி தேறவில்லை. சான்றிதழ் இல்லாமல் வண்டியின் லைசன்ஸைப் புதுப்பிக்க முடியாது. நானாவோ மறுநாள் புறப்பட வேண்டும். நீ பார்த்தால் சரிவரும் என்று சொல்லிச் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எஞ்சின் எங்கோ திருட்டுக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே நடுங்கியது; புகையும் அதனால்தான் கெட்டிருந்தது. ஒவ்வொரு ரப்பர் குழாயாக நசுக்கிப் பார்த்தேன். பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயை நசுக்கியதும் நடுக்கம் நின்றுவிட்டது. பூஸ்டருக்குள்ளே ரப்பர் கிழிந்திருந்தது. எஞ்சின் அந்தக் குழாய் வழியாக உறிஞ்சுவதால்தான் பிரேக் லேசாக அமுங்குகிறது. வேறு பூஸ்டர் கொழும்பிலிருந்து வர நான்கு நாளாகும்.

குழாயில் ஒரு போல்ட்டைச் செருகி, கிளிப் போட்டு இறுக்கினேன். அவ்வளவுதான். வண்டி பூனை மாதிரி அடங்கி நின்றது. பரிசோதனையிலும் தேறியது. திரும்பி வரும் வழியில் பிரேக்கை அமுக்க எனக்கு இரண்டு காலும் வேண்டியிருந்தது...

அப்படியானால் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்!

நானா கராஜ் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார். சான்றிதழைப் பார்த்ததும் என் தோளைத் தட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போல்ட்டைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்! வண்டி வளைவில் திரும்பும் முன்பே நினைவு வந்துவிட்டது. ஃபோன் சட்டைப்பையில் இருந்தது. கெட்டிக்காரன் என்ற பெயர் போய்விடுமே என்று எடுக்கவில்லை.

மாலையில் அவரே அழைத்தார். பிரேக் கட்டை மாதிரி இருக்கிறதே என்று கேட்டார்.

“குளிருக்கு அப்பிடித்தாங்க இருக்கும், நானா. ஓட ஓட சரியாயிரும்.”

இதை என் வாயால்தான் சொன்னேன்.

மறுநாள் மஸ்கெலியா தாண்டி ஓர் இறக்கத்தில் வண்டி நிற்காமல் போய்த் தேயிலைக்குள் இறங்கி, தண்ணீர் ஓட வெட்டிய கானில் மாட்டி நின்றது. கானுக்கு அந்தப் பக்கம் பள்ளம். அவர் மனைவிக்கு வலது கை முறிந்தது. வண்டியை என்னிடமே இழுத்து வந்தார்கள். எவரும் பொனட்டைத் திறக்கும் முன் போல்ட்டை உருவி எடுத்தேன். பூஸ்டர் வந்ததும் சத்தமில்லாமல் மாற்றினேன்.

பிறகொரு நாள் நானா வந்தார். சீட்டில் உட்கார்ந்து, எஞ்சினைப் போடச் சொல்லி, பிரேக்கை அமுக்கினார். மெத்தென்று இறங்கியது. மறுபடியும் அமுக்கினார். மறுபடியும்... அவர் முகம் வாடிப்போனது.

“பிரேக்குல பிழை இல்ல, மகன். என்ட காலுதான் ஏலாமப் போச்சு.”

சொல்லிவிட வாயைத் திறந்தேன். பொலிஸ், கராஜ், என் பிள்ளைகள் எல்லாம் கண்முன் வந்தன. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அன்றோடு அவர் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். நோயே இல்லாத காலுக்கு எண்ணெய் போட்டுக் கட்டிக்கொள்கிறார். தடியூன்றி நடக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வரும்போது தவறாமல் என் கராஜில் நிற்பார். அந்தத் தடியின் சத்தம் கேட்டாலே ஏதாவது வண்டிக்கு அடியில் புகுந்துகொள்வேன். அவர் போகமாட்டார். நான் வெளியே வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து, வலது காலை வாசற்படியில் வைத்து, பிரேக்கை மிதிப்பது போல அழுத்திக் காட்டுவார்.

“பாரு மகன், கொஞ்சம் பலம் வந்திருக்கா?”

போன வாரமும் கேட்டார். நானும் குனிந்து, அந்தக் காலைப் பார்த்தேன். வந்திருக்கிறது என்றேன்.

இன்று வியாழக்கிழமை.