அழுக விடாத மண்

லூமுட் துறைமுகத்துக்குப் போகும் வழியில், முன்பு நாங்கள் ரப்பர் பால்மரம் சீவிய தோட்டத்தில் இறங்குகிறேன். இப்போது எங்கும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. கறுத்த சதுப்பு நிலத்தில் மண்வாரி இயந்திரம் கால்வாய் தோண்டுகிறது. மேலே வந்த பழங்காலப் படகுப் பலகையில் ஒட்டியிருக்கும் ஓர் இலையை மண்வாரி ஓட்டுநர் காட்டுகிறார்.

"நரம்புகூட தெரியுது பாருங்கக்கா. நம்ம பாட்டன் பூட்டனுக்கெல்லாம் மூத்த இலை லா இது! இந்த ஈர மண்ணு எதையும் அழுக விடாது."

பேர் வைக்குமுன் போன என் பிள்ளையை இங்கேதான் புதைத்தோம். மண்ணோடு மண்ணாகியிருக்கும் என்றுதான் இத்தனை வருசம் மனதைத் தேற்றி வைத்திருந்தேன்.

"தம்பி, பாத்துத் தோண்டுங்க. என் பிள்ள உள்ள இருக்கு" என்கிறேன்.

அவர் எஞ்சினை நிறுத்திவிடுகிறார். "எந்த எடம்க்கா? காட்டுங்க, ஒதுங்கிப் போறேன்."

அடையாளம் வைத்திருந்த ரப்பர் மரம் இல்லை. எந்தப் பக்கம் கையை நீட்டுவதென்று தெரியாமல் நிற்கிறேன்.