ஹெலிபேடில் சொல்லும் எடை

2021 மே. மழை முந்திக்கொண்டு வந்துவிட்டது. நிக்கோபார் பக்கத்துச் சிறு தீவொன்றில் நான் பள்ளி ஆசிரியை. கணவர் அரசு அலுவலக ஊழியர். கடல் கொந்தளித்ததால் போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து வரவேண்டிய கப்பல் வரவில்லை. எதையும் தேதியிட்டு எழுதிவைப்பது என் வழக்கம். அந்த வாரம் ஒவ்வொரு தேதிக்கும் எதிரே 'கப்பல் இல்லை' என்பதைத் தவிர எழுத எதுவுமில்லை.

இருவருக்கும் கொரோனா. குவார்ட்டர்ஸில் ஒரே அறைக்குள் அடைந்து கிடந்தோம். பக்கத்து வீட்டார் சோற்றை வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். எனக்குக் காய்ச்சல் இறங்கியது. அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

தினமும் வந்து பார்க்கும் சிஸ்டர் தெற்கு அந்தமானின் ஃபெரார்கஞ்சில் வளர்ந்த தமிழ்ப்பெண். ஜன்னலுக்கு வெளியே நின்றபடி போர்ட் பிளேர் டாக்டரைப் போனில் பிடித்தாள். முகக்கவசக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது; உள்ளே போர்வைக்குள் கிடந்தவர் அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.

"அண்ணா, வெயிட் எவ்வளவு?"

"எண்பத்தஞ்சு" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

அது அவர் ஹெலிகாப்டரில் ஏறப் போகும்போது ஹெலிபேடில் சொல்லும் எடை. எங்கள் தீவின் எடை மெஷின் பழுதாகியே கிடக்கும்; வாயால் கேட்டு எழுதிக்கொள்வார்கள். கூடுதலாகச் சொன்னால் மூட்டையை இறக்குவார்கள், சில சமயம் ஆளையே. அதனால் எல்லோரும் குறைத்துத்தான் சொல்வோம். சொல்லிச் சொல்லி அதுவே உண்மையாகிவிட்டது.

போனைக் கேட்டுவிட்டு சிஸ்டர் சொன்னாள்: "கல் தேக்தே ஹைன்ங்கறார். நாளைக்குப் பாக்கலாமாம்."

"சிஸ்டர், அது ஹெலிகாப்டருக்குச் சொல்ற எடை" என்றேன். "நூத்திப் பதினெட்டு."

"ஏய், அதைச் சொன்னா ஏத்த மாட்டான்டி!" அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இரண்டு முறை மூச்சு முட்டியது.

"அங்க வெயிட் கூடினா இறக்குவாங்க அண்ணா. இங்க கூடினாத்தான் ஏத்துவாங்க." மீண்டும் போனில் பேசினாள். இந்த முறை குரலில் அவசரம் ஏறியிருந்தது. "இன்னிக்கே அனுப்பச் சொல்றார். உடம்பு கனமா இருந்தா இந்த நோய் சட்டுனு முத்திடுமாம். அங்க ஐசியூ இருக்கு. பேக் பண்ணுங்க அக்கா."

இரண்டு பைகள் கட்டினேன்.

மழை சற்று விட்டபோது ஹெலிகாப்டர் இறங்கியது. அவரை ஏற்றினார்கள், ஆக்சிஜன் சிலிண்டரை ஏற்றினார்கள். ஹெலிபேட் ஊழியர் ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கைகாட்டி நிறுத்தினார். "மேடம், ஓவர்லோட். ஆப் அக்லா ஃப்ளைட்." நான் அடுத்த ஃப்ளைட்டில் வரவேண்டுமாம்.

உள்ளே படுத்திருந்தவர் மாஸ்க்கைத் தூக்கி, "சொன்னேன்ல?" என்றார்.

"வாயை மூடிட்டு மூச்சு விடுங்க."

ஒரு பையை உள்ளே கொடுத்துவிட்டு, இன்னொன்றோடு அறைக்குத் திரும்பினேன். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அடுத்த ஃப்ளைட் வரவில்லை. கூடவே சிக்னலும் போயிற்று. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக்கூட வழியில்லாமல், அவர் தலை பதிந்த குழி மாறாத தலையணையைப் பார்த்தபடி இருந்தேன். உண்மையைச் சொன்னதால் அவருக்கு இடம் கிடைத்தது. அதே உண்மை என் இடத்தை எடுத்துக்கொண்டது.

சிக்னல் வந்த நாளில் முதல் அழைப்பு அவருடையது. குரல் கரகரத்தது.

"கட்டிலோட எடை போட்டாங்க. நூத்திப் பத்து. இளைச்சிட்டேன்."

"அது எந்த எடை?"

சிரிக்கப் போய் இருமினார். இருமல் நிற்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அன்றைய தேதிக்கு எதிரேயும் 'கப்பல் இல்லை' என்றுதான் எழுதினேன்.