கீழ்ப்பாதியில் ஒரு புள்ளடி

வாக்குச்சீட்டை அதிகாரி உயர்த்திப் பிடித்தபோது எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீளமான வெள்ளைத் தாள். மேல்பாதியில் கட்சிகளும் சுயேட்சைக் குழுக்களும் தத்தம் சின்னங்களோடு நின்றன. கீழ்ப்பாதியில் வேட்பாளர்களின் இலக்கங்கள். அவற்றுள் என் அம்மானின் இலக்கத்தில், தாள் கிழியுமளவுக்கு அழுத்திக் குறுக்காக இரு கோடு கீறிய ஒரு புள்ளடி. "செல்லாது" என்றார் அதிகாரி. மேலே எந்தச் சின்னத்துக்கும் புள்ளடி இல்லை. சின்னத்துக்குப் போடாமல் ஆளுக்கு மட்டும் போட்டால் அந்த வாக்கு குப்பை, சட்டம் அப்படி. அவர் அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். எங்கள் குருநகர்ப் பெட்டிகளை எண்ணிய மண்டபம் அது. அம்மானின் முகவராக அங்கே நின்ற நான், ஒதுக்கப்பட்ட சீட்டுகள் கட்டாக உயர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்து ஆட்சேபிக்க எனக்கு ஒரு நியாயமும் கிடைக்கவில்லை.

அம்மான் என் அம்மாவின் மூத்த தமையன்; கடற்றொழிலாளர் சங்கத் தலைவர். அரசியல் ஆசை பிடித்து அலைந்தவர் அல்ல. அக்கரை இந்தியாவிலிருந்து வரும் இழுவைப் படகுகள் எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகாத வாரம் இல்லை. மகஜர் கொடுத்தோம், மறியல் செய்தோம், மந்திரிமார் வந்து தலையாட்டிவிட்டுப் போனார்கள். "மேட்டிலை இருக்கிறவன் எங்கடை கடலைப் பற்றி என்னத்தைக் கதைப்பான்? எங்களிலை ஒருத்தன் பாராளுமன்றம் போய்க் கதைக்கவேணும்" என்று கரையே சேர்ந்து அவரைப் பிடித்துத் தள்ளியது. இந்தமுறையும் விட்டால் தொழிலையே விட வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். அத்தனை பேரின் அடுப்பும் அந்த ஒரு ஆசனத்தில் இருந்தது.

யாழ்ப்பாண மாவட்டத்தில் தனி ஆளாகக் கேட்க முடியாது. ஒரு குழுவாகத்தான் நிற்கவேண்டும். அம்மான் சேர்ந்த குழுவின் தலைவர் மானிப்பாய்ப் பக்கத்து ஓய்வுபெற்ற அதிகாரி. அவர்களுக்குக் கிடைத்த சின்னம் கேத்தில், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெண்டி. அந்த மனிதர் எங்கள் கரைக்கு ஒரேயொரு தடவைதான் வந்தார். கருவாடு காயும் இடத்தைத் தாண்டும்போது சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார். பேசி முடித்துக் காரில் ஏறும்வரை அதை எடுக்கவில்லை. அவருக்கு அது ஒரு சின்னச் சங்கதி. கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேத்தில் அந்த மூக்குப் பொத்தியின் சின்னம், இலக்கம் மட்டுமே எங்கள் ஆளுடையது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டார்கள் என்பது எண்ணும் மண்டபத்தில்தான் எனக்கு விளங்கியது. குழுவுக்கு ஆசனம் கிடைக்கவில்லை. கிடைத்திருக்கும், ஒதுக்கிய கட்டுகளைப் பார்த்தவன் சொல்கிறேன்.

காலையில் போய் அம்மானிடம் சொன்னேன். "உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. வலை போன துக்கமே அதுகளுக்குக் காணும். தங்கடை கையாலைதான் உதுவும் போனது எண்டு தெரிஞ்சால் தாங்காதுகள்" என்றார். அடுத்த தேர்தலுக்கு முன்னாவது சொல்லத்தானே வேண்டும் என்றேன். "அடுத்த தேர்தலுக்குக் கடலிலை என்ன மிஞ்சும்?" என்று கேட்டார். அவர் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊர் வாயை உலைமூடியால் மூட முடியுமா? எல்லோரும் போட்ட வாக்கு எங்கே போயிற்று என்ற கேள்வி கரையில் உலாவியது. பதில் இல்லாத இடத்தில் கதை முளைத்தது. அம்மான் பெரிய கட்சியிடம் வாக்குகளை விற்றுவிட்டாராம். அவர் தேவாலயப் பூசைக்குப் போய் உட்கார்ந்தால் பக்கத்து வாங்கு வெறுமையாகிறது. சங்கத்துக்கு வேறு தலைவர் வந்துவிட்டார். இப்போது அம்மான் வீட்டு விறாந்தையோடு சரி. இழுவைப் படகுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

போன கிழமை நான் அங்கே இருந்தபோது, கருவாடு போடும் அக்கா ஒருவர் படலையில் வந்து நின்றார். அவருடைய மகனின் வலை முதல்நாள் அறுபட்டிருந்தது. உள்ளே வரவில்லை. அம்மானுக்குக் கேட்கட்டும் என்றே என்னிடம் உரத்துக் கதைத்தார்.

"தம்பி, நான் என்ரை கையாலை உவருக்கு மட்டும்தான் கீறினனான். அந்த மூக்குப் பொத்தியின்ரை கேத்திலை நான் தொடக்கூட இல்லை. எங்கடை ஒழுங்கையிலை ஒருத்தரும் தொடேல்லை. நீ எண்ணுற இடத்திலை நிண்டனிதானே? என்ரை வாக்கை எண்ணினவையோ இல்லையோ?"

அம்மான் கதிரையிலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று.

"எண்ணினவை அக்கா" என்றேன்.

"அப்ப, வித்ததுதான்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார்.